டபிள்யூ என்றால் வார்ம்

திராட்சைக் களத்தின் சிமெண்டுத் தரையில் வெறுங்காலை வைத்து, பத்து எண்ணும் வரை தாங்கினால் நாற்பது டிகிரி. ஐந்தில் எடுத்துவிட்டால் நாற்பத்து மூன்று. டிரீகா கோர்டமுக்கு வெயில் அளக்க வேறு கருவி தேவைப்பட்டதில்லை. அந்தப் புதன்கிழமை அவள் மூன்றிலேயே காலை உருவிக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

காக்கமாஸில் பிப்ரவரி என்றால் நடுக்கோடை, அப்படித்தான். ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடும் வரைக்கும் பச்சை, அதற்கு ஒரு முழம் தள்ளி வெறும் கல்லும் மண்ணும். களத்தில் பன்னிரண்டு பெண்கள் மரவாரியால் திராட்சையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் பச்சையாய்க் கொட்டியது மூன்றாம் நாளே சுருங்கி நிறம் மாறிவிடும். கையெல்லாம் சர்க்கரைப் பிசுக்கு, அதைத் தேடி வரும் தேனீக்கள் வேறு.

"லிக்கி! இன்னைக்குத் தரையில முட்ட பொரிக்கலாம் போலிருக்கே. சனிக்கிழமை ஒன் காரு என்ன பாடு படப்போகுதோ?" என்றாள் ஒருத்தி.

"காரு கெடக்கட்டும். விளக்குக்கு எண்ண ஊத்தியாச்சான்னு கேளு" என்றாள் இன்னொருத்தி.

"ஊத்தத்தான் போறேன். ஒங்களுக்கும் ரெண்டு சொட்டு மிச்சம் வைக்கிறேன். வாயத் தொறந்தாலே கீச்சுக் கீச்சுன்னு சத்தம் வருது" என்றாள் டிரீகா. களம் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அந்தப் பெயர் ஒவ்வொரு முறையும் அவளைச் சுருக்கென்று குத்தத்தான் செய்தது.

லிக்கி என்றால் எங்கள் பேச்சில் சின்ன விளக்கு. போன வருஷம் கண்காட்சித் திடலில் கார் சுழற்றும் போட்டி. கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் காரை ஒரே இடத்தில் பம்பரமாகச் சுற்ற வேண்டும், டயர் கிழியும் வரை, புகையில் கார் மறையும் வரை. காக்கமாஸிலிருந்து கலந்துகொண்ட ஒரே பெண் டிரீகா. நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தவள், ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்ததைப் பார்த்தாள். எஞ்சினுக்குள் ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது, இரும்பும் இரும்பும் உரசப்போகிறது என்று சொல்லும் விளக்கு அது. அந்தக் கணமே எஞ்சினை அணைத்தாள். இரண்டாயிரம் பேர் ஊளையிட்டார்கள். மைக்காரர் வேலியோரம் நின்ற அவள் புருஷன் ஸ்டோஃபெலிடம் மைக்கை நீட்டினார். அந்த மகாராசன் சொன்னது இதுதான்: "எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. விளக்கு வயரு லூசு. பொம்பள பயந்துட்டா."

ஒருத்திக்குப் பட்டப்பெயர் வைக்க ஊருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

மதியம் பழ லாரிக்காரர் அப்பிங்டனிலிருந்து திரும்பியதும், மூன்று நாளுக்கு முன் அவள் சொல்லிவிட்டிருந்த ஐந்து லிட்டர் ஆயில் டின்னை இறக்கிக் கொடுத்தார். டின்மேல் 10W60 என்று போட்டிருந்தது. உதிரிபாகக் கடைப் பெண் போனில் சொன்னது அதைத்தான்: 'இந்த மாதிரி எஞ்சின வெயில்ல போட்டு வாட்டுறவங்க இதத்தான்க்கா கேட்டு வாங்குறாங்க.' ஏன் என்று கேட்டதற்கு அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. டிரீகா டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டு முற்றத்து மரத்தடியில், காரை விலைக்கு வாங்க வந்த கிம்பர்லிக்காரர் ஒலிஃபான்ட் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெயருக்கு யானை என்று பொருள். ஆளும் பெயருக்குக் குறைவைக்கவில்லை. நாற்காலி அவருக்கடியில் இருக்கிறதா என்று குனிந்துதான் பார்க்க வேண்டும். அவருக்குப் பின்னால் வெறும் டிரெய்லர். அவருக்கு எதிரே, தகரக் கொட்டகைக்குள், டிரீகாவின் கார்.

இரண்டு கதவு, ஆறு சிலிண்டர், பெட்டி மாதிரி முகம் வைத்த பழைய ஜெர்மன் பந்தயக் கார். தக்காளிச் சிவப்பு. அதற்கு மெவ்ரோ என்று பெயர் வைத்திருந்தாள் டிரீகா. மெவ்ரோ என்றால் அம்மணி. பதினான்கு அறுவடை களத்தில் வெந்து சம்பாதித்த அம்மணி. ஸ்டோஃபெல் எஞ்சினைப் பார்த்துக்கொள்வான், ஸ்டியரிங்கை அவள் பார்த்துக்கொள்வாள். கல்யாணம் ஆனதிலிருந்து அதுதான் ஏற்பாடு. போன வருஷத்துக்குப் பிறகு ஏற்பாட்டில் ஒரு சட்டம் சேர்ந்தது. இந்தச் சனிக்கிழமை அந்த விளக்கு மறுபடி எரிந்தால், மெவ்ரோ ஒலிஃபான்டின் டிரெய்லரில் ஏறிக் கிம்பர்லிக்குப் போய்விடும். சட்டம் போட்டது ஸ்டோஃபெல். 'இந்த வெயிலு அதுக்குத் தாங்காது டிரீகா. எஞ்சின் செத்த பெறகு விக்கிறதவிட உசிரோட கொடுத்துரலாம்' என்றான். அவளும் வீம்புக்குத் தலையாட்டிவிட்டாள்.

"என்ன தங்கச்சி, இடுப்புல கொழந்தையா?" என்றார் ஒலிஃபான்ட்.

"ஆமாண்ணே. இவன் வளந்து ஒங்க டிரெய்லர வெறுமையா அனுப்பி வைப்பான்."

"அனுப்பட்டும், அனுப்பட்டும். ஒன் இஞ்சிச் சாறு இருக்கிற வரைக்கும் எனக்கொண்ணும் அவசரமில்ல." வந்து மூன்று நாளாகிறது. ஒரு அண்டா இஞ்சிச் சாறு தீர்ந்திருந்தது.

கொட்டகையிலிருந்து ஸ்டோஃபெல் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். ஒல்லியான மனிதன், காதுகள் பெரியவை. எஞ்சின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவான். டிரீகா திடலில் சுற்றும்போதுகூடத் திடலுக்கு முதுகைக் காட்டி நின்று காதால் கேட்பானே தவிரத் திரும்பிப் பார்க்கமாட்டான். டின்னைப் பார்த்ததும் அவன் முகம் புளித்தது.

"பத்தா? பத்து வார்மா? எவன் குடுத்தான் இத?"

இதை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் பேச்சில் சூட்டுக்கு வார்ம் என்று பெயர். அதன் முதல் எழுத்து W. ஸ்டோஃபெலின் கொட்டகைச் சுவரில் பதினாறு வருஷத்துக்கு முன் அவன் கையால் வெள்ளைப் பெயின்டில் எழுதியது இன்னும் இருக்கிறது: W = WARM. இருபது வார்ம் என்றால் இருபது அளவு சூடு தாங்கும் ஆயில், பத்து வார்ம் என்றால் பாதிதான் தாங்கும். ஆற்றோரப் பண்ணைகளின் டிராக்டர் ஓட்டுநர் அத்தனை பேரும் இந்தச் சுவரைப் பார்த்துத்தான் ஆயில் வாங்குவார்கள். குளிர்காலத்துக்கும் எங்கள் பேச்சில் அதே எழுத்துத்தான் என்பது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. எங்கள் ஊர் வெயிலில் யாருக்கு வரும்?

"அப்பிங்டன்ல கேட்டேன். வெயில்ல சுத்துற காருக்கு இதான்னாங்க" என்றாள் டிரீகா.

"அப்பிங்டன்ல ஆயிரம் சொல்லுவான். பத்து வார்மு கடக்கரை ஊர்க்காரனுக்கு. சாயங்காலமானா கம்பளி போட்டுக்கிறான் பாரு, அவனுக்கு. இங்க வா, கைய நீட்டு." அவள் உள்ளங்கையில் தன்னுடைய 20W50 ஆயிலில் ஒரு சொட்டு, மறு உள்ளங்கையில் அவளுடையதில் ஒரு சொட்டு. "தேச்சுப் பாரு. எது கெட்டி?"

தேய்த்தாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. இன்னும் கவனித்தால் அவனுடையது ஒரு மயிரிழை கெட்டி.

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"பின்னால அறுபதுன்னு போட்டிருக்கே, அது என்ன? ஒன்னோடதுல அம்பதுதான இருக்கு?"

"அது கம்பெனிக்காரன் கணக்கு. சூட்டுக்கு முன்னால இருக்கிறதுதான். செவுத்தப் படிக்கத் தெரியும்ல?"

"செவுத்துல எழுதினவன் யாரு? நீதான? நீயே எழுதிட்டு நீயே சாட்சிக்கும் கூப்புடுறியே, மனுசா."

ஒலிஃபான்ட் இஞ்சிச் சாறு புரையேறும்படி சிரித்தார். அது ஸ்டோஃபெலை இன்னும் கிளப்பிவிட்டது.

"பதினாறு வருசமா ஆத்தோரம் ஒரு டிராக்டர் நின்னதில்ல டிரீகா!"

"டிராக்டரு கழுத மாதிரி நடக்குது. மெவ்ரோ பம்பரம் மாதிரி சுத்துது. போன வருசம் விளக்கு எரிஞ்சுச்சே, அன்னைக்கும் ஒன் இருபது வார்ம்தான உள்ள இருந்துச்சு?"

"வயரு லூசுன்னு சொன்னேன்ல."

அவன் அதைச் சொல்லும்போது சுவரைப் பார்த்துச் சொன்னான். டிரீகா அதைக் கவனித்தாள், ஆனால் கோபத்தில் அதன்மேல் யோசனை ஓடவில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

வியாழக்கிழமை அந்த வீட்டில் பேச்சு இல்லை. ஆட்டுக் குடலைக் கழுவி உருளைக்கிழங்கோடு வேகவைத்துச் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டான். அவன் உப்பு கேட்கவேண்டியிருந்தபோது ஒலிஃபான்டைப் பார்த்து, "அண்ணே, உப்பு இருந்தா நல்லாருக்கும்" என்றான். அவள் ஒலிஃபான்டிடம் உப்பைக் கொடுத்து, "அண்ணே, உப்பு ஏற்கெனவே போட்டாச்சு" என்றாள். நடுவில் மாட்டிக்கொண்ட யானை இரண்டு தட்டு குடலைக் காலி செய்துவிட்டு, இரண்டு பேர் சொல்வதும் நியாயம் என்றது.

வெள்ளிக்கிழமை மதியம் டிரீகாவின் தங்கை மீத்தா அடுக்களைக்கு வந்தாள். மறுநாள் திடலில் விற்க ஃபெட்கூக் சுட வேண்டும். மாவை உருட்டி ஆழமான சட்டியில் பொரித்து, பிளந்து திராட்சைப் பாகு ஊற்றிக் கொடுத்தால் அந்தக் கூட்டத்தில் நொடியில் போய்விடும். சோதனைக்கு ஒரு சட்டி பொரித்து எடுத்து அடுப்போரம் வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து பாகு பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தாள். பாகு அசையவில்லை. அடித்தாள், உலுக்கினாள், திட்டினாள்.

"ஏன்க்கா இத உள்ள வச்ச? கல்லு மாதிரி இருக்கு!"

"அடுப்போரம் வையி. தண்ணியா ஓடிரும்" என்று சொன்ன டிரீகா, சொன்ன வாயோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா? பல்லி விழுந்திருச்சா?"

"மீத்தா. பாகு கெட்டியா தண்ணியான்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"எப்பன்னு கேப்பேன். சுட்டதா ஆறினதான்னு."

"அந்த மனுசன் கேக்கவே இல்லையே! உள்ளங்கைச் சூட்டுல தேச்சுப் பாக்கச் சொல்றான். எஞ்சின் என்ன உள்ளங்கைச் சூட்டுலயா ஓடுது?" அவள் ஏற்கெனவே காலித் தக்காளி டப்பாக்களைத் தேடிக்கொண்டிருந்தாள். நாலு டப்பா கழுவித் துடைத்தாள். இரண்டில் அவள் ஆயில், இரண்டில் அவன் ஆயில். டப்பாவின்மேல் கரியால் 10 என்றும் 20 என்றும் எழுதினாள். ஒரு ஜோடியை ஐஸ் பெட்டிக்குள், ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா, கறி நாறிப்போகும்!"

"மூடித்தான வச்சிருக்கேன். இன்னொரு ஜோடி ஒன் சட்டிக்குள்ள நிக்கணும்."

"எஞ்சட்டிக்குள்ளயா? பொரிக்கிற சட்டிக்குள்ள வண்டி ஆயிலா? நாளைக்கு ஊரே வயித்தப் புடிச்சிக்கிட்டு ஓடவா?"

"சட்டியில இருக்கிறது பழைய எண்ணதான? நாளைக்குப் புதுசு ஊத்து. சட்டிய நான் மணல் போட்டுத் தேச்சுத் தாரேன். மூணு தடவ தேச்சுத் தாரேன் மீத்தா."

"நாலு தடவ" என்றாள் மீத்தா. அவளுக்கும் ஆசை வந்துவிட்டது.

மூன்று மணி நேரம் கழித்து டிரீகா கொட்டகை வாசலில் போய் நின்றாள். இரண்டு நாளில் முதல்முறையாகப் புருஷனிடம் நேராகப் பேசினாள்.

"அடுக்களைக்கு வா. ஒன் வார்மத் தூக்கிக்கிட்டு வா."

ஒலிஃபான்டைக் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. அவர் நாற்காலியோடு எழுந்து வந்துவிட்டார். கைக்கடிகாரம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் நடுவர் ஆனார்.

முதலில் குளிர்ந்த ஜோடி. டிரீகா இரண்டு டப்பாவையும் ஒரே நேரத்தில் சாய்த்தாள். 10 மெல்ல நாக்கை நீட்டி விளிம்புக்கு வந்து வழிந்தது. 20 பாகு பாட்டில் மாதிரியே அசையாமல் இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் ஒரு கட்டியாய் நகர்ந்தது.

ஸ்டோஃபெல் கையைத் தட்டினான். "பாத்தியா! நான் என்ன சொன்னேன்? எது கெட்டி? எது? சொல்லுங்கண்ணே!"

"இருபதுதான் கெட்டி. சந்தேகமே இல்ல" என்றார் நடுவர்.

"பொறு. இது ஐஸு. நம்ம திடல்ல நாளைக்கு ஐஸா பெய்யப்போகுது?" என்றாள் டிரீகா. ஒரு காலி டப்பாவின் அடியில் ஆணியால் ஒரே ஒரு துளை போட்டு, கீழே கிண்ணம் வைத்தாள். கொதிக்கும் சட்டியிலிருந்து 20 என்ற டப்பாவை இடுக்கியால் தூக்கித் துளை டப்பாவுக்குள் கவிழ்த்தாள். நாற்பது வருஷமாக ஆயில் பார்த்த ஸ்டோஃபெல் இதைப் பார்த்ததில்லை. அவனுடைய கெட்டி ஆயில் குழாய்த் தண்ணீராக ஓடிற்று.

"பதினொரு நொடி" என்றார் ஒலிஃபான்ட்.

துளை டப்பாவைத் துடைத்து, 10 டப்பாவைக் கவிழ்த்தாள். இது நூல் பிடித்தாற்போல இறங்கியது.

"பன்னெண்டு, பதிமூணு, பதினாலு... பதினஞ்சு!"

"துளையில என்னமோ அடச்சிருக்கும்" என்றான் ஸ்டோஃபெல். குரல் இறங்கிவிட்டது. மறுபடி சூடாக்கி, மறுபடி ஊற்றினார்கள். பதினொன்று, பதினைந்து. மூன்றாம் முறை அவனே ஊற்றினான், அவனே கிண்ணத்தைப் பிடித்தான். பதினொன்று, பதினைந்து. மீத்தா எண்ணெய் தெறித்த சமையல் ஏப்ரனைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"ஒன் கணக்குப்படி பத்து வார்மு சூட்டுல தோத்துருக்கணும்ல? தோக்கலையே. கெட்டியா நிக்குது. குளிர்லதான் அது எளகி ஓடிச்சு. அப்ப முன்னால இருக்கிற நம்பரு குளுருக்கு, மனுசா. எவ்வளவுக்குக் கம்மியோ அவ்வளவுக்குக் குளுர்ல லேசா ஓடும். சூட்டுக்கு நீ கம்பெனிக்காரன் கணக்குன்னியே, அந்தப் பின்னால இருக்கிற நம்பரு. அம்பது எங்க, அறுபது எங்க?" என்றாள் டிரீகா.

ஸ்டோஃபெல் ஜன்னல் வழியாகக் கொட்டகைச் சுவரைப் பார்த்தான். நாலு எழுத்து. பதினாறு வருஷம். அவன் உதடு அசைந்தது.

"வின்டர்" என்றான். கேட்டதும் அவனுக்கே வியர்த்தது. "W-ன்னா வின்டர்."

மீத்தாவால் அதற்குமேல் முடியவில்லை. சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்து சிரித்தாள். யானையும் குலுங்கியது. டிரீகாவுக்கும் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் ஸ்டோஃபெல் சிரிக்காமல் வெளியே போனான், கொட்டகைக்குள் ஏதோ உருட்டினான், ஒரு பழைய புகையிலை டப்பாவோடு திரும்பி வந்து அவள் முன்னால் மேஜைமேல் வைத்தான்.

"தொறந்து பாரு."

உள்ளே பாதி வளையம் மாதிரி இரண்டு உலோகத் துண்டுகள். எஞ்சின் பேரிங். பளபளவென்று சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டியது கீறிக்கீறி உள்ளிருந்த செம்பு தெரிந்தது.

"மெவ்ரோவுதா?"

"போன வருசம் போட்டிக்கு மறுவாரம் கழட்டிப் பாத்தேன். இப்பிடி இருந்துச்சு. மாத்திட்டேன். ஒங்கிட்டச் சொல்லல." அவன் மேஜையைப் பார்த்தே பேசினான். "விளக்கு பொய் சொல்லல டிரீகா. நீ இன்னும் ரெண்டு சுத்து சுத்தியிருந்தா எஞ்சின் போயிருக்கும். காப்பாத்தினது நீ. எனக்கு ஆயில் மேல சந்தேகமே வரல, எஞ்சினுக்குத்தான் வயசாயிருச்சுன்னு நெனச்சேன். அதான் இவரக் கூப்பிட்டேன்."

டிரீகாவின் விரல் அந்தச் செம்பைத் தடவியது. முதலில் வந்தது நிம்மதி. தான் பார்த்த விளக்கு உண்மையாகவே எரிந்திருக்கிறது. இந்த ஒரு வருஷத்தில் சில நாள் அவளுக்கே அதில் சந்தேகம் வந்ததுண்டு. அடுத்துதான் கோபம் வந்தது, வந்தது தாராளமாகவே வந்தது.

"ஒரு வருசம்! ஒரு வருசம் என்ன லிக்கி லிக்கின்னு களத்துல ஓட்டினாங்க. நீ ராத்திரி சோத்தத் தின்னுட்டு இந்த டப்பாவ ஒளிச்சு வச்சிருக்க!"

"தப்புத்தான்."

"யாருகிட்டச் சொல்ற? அடுப்புகிட்டயா?"

"ஒங்கிட்ட."

"எங்கிட்டச் சொன்னாப் பத்தாது. போன வருசம் நீ எங்க சொன்ன? மைக்குல சொன்ன. அங்கதான் நான் லிக்கி ஆனேன்."

ஸ்டோஃபெலின் பெரிய காதுகள் சிவந்தன. "ஊர் முன்னாலயா? செவுத்தப் பாத்து ஆயில் வாங்கினவன் அத்தன பேரும் நிப்பானே!"

"நிக்கட்டும்" என்றாள். அவன் கொட்டகைக்குத் திரும்பிப் போனான். பழைய ஆயிலை இறக்கத் தட்டை எடுத்துக்கொண்டு மெவ்ரோவின் அடியில் போய்ப் படுத்துவிட்டான். டிரீகா பேரிங் துண்டு ஒன்றைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு, மணலை அள்ளி மீத்தாவின் சட்டியைத் தேய்க்க உட்கார்ந்தாள். கார் அடியிலிருந்து கொஞ்ச நேரத்தில் சத்தம் வந்தது.

"நாளைக்கு நான் எங்க நிக்க?"

"நிக்க வேணாம். பக்கத்து சீட்டுல ஒக்காரு. முதுகக் காட்டினது போதும். விளக்க நீயே கண்ணால பாரு."

சனிக்கிழமை ரேடியோ சொன்னதைவிட ஒரு டிகிரி கூடவே காய்ந்தது. திடல் வேலியைச் சுற்றி மனிதத் தலை. கூரைத் தகரம் வெயிலில் டப் டப்பென்று வெடித்தது. மீத்தாவின் ஃபெட்கூக் பதினொரு மணிக்கே தீர்ந்துவிட்டது. வாங்கின எவருக்கும் வயிறு வலிக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஒலிஃபான்ட் டிரெய்லரை வாசலுக்கு நேராக, சங்கிலியை அவிழ்த்துத் தயாராக நிறுத்தியிருந்தார். நல்ல மனிதர்தான், ஆனாலும் வந்த காரியத்தை மறக்கவில்லை.

"அடுத்தது காக்கமாஸ் மெவ்ரோ! லிக்கி வராங்க, எல்லாரும் கறுப்புக் கண்ணாடியப் போட்டுக்குங்க!" என்றார் மைக்காரர். திடல் குலுங்கியது.

ஸ்டோஃபெல் பக்கத்து சீட்டில் வாரை இறுக்கிக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் திடலுக்குள் வந்தான். வெளியே எதையும் பார்க்கவில்லை. மூக்கை மீட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டான்.

"அழுத்தம் நாலு" என்றான்.

டிரீகா சக்கரத்தை முழுக்க வளைத்து மிதித்தாள். மெவ்ரோ ஒரு கத்தல் கத்திவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. வேலி, தலைகள், தண்ணித் தொட்டி, டிரெய்லர், வேலி, தலைகள். முதல் சுற்றுகளிலேயே புகை அடர்ந்துவிட்டது. ரப்பர் தீயும் வாசனை அவளுக்குத் திருவிழா வாசனை.

"மூணர... மூணு. தண்ணிச் சூடு ஏறுது டிரீகா!"

"ஆயில் சொல்லு!"

"மூணு. ரெண்டே முக்கா... ரெண்டர..."

போன வருஷம் விளக்கு எரிந்த இடம் அவளுக்குத் தெரியும், நேரக் கணக்கில் தெரியும். அந்த இடம் வந்தது. கால் தானாகவே மிதியிலிருந்து தூக்கப் பார்த்தது. உடம்பு ஒரு வருஷமாக அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தது போல.

"எரியுதா?"

"இல்ல!"

"நல்லாப் பாரு!"

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன்! ரெண்டு! ரெண்டுல நிக்குது! எறங்கல! மிதி டிரீகா, மிதி!"

இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து 'மிதி' என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்குள் ஏதோ அவிழ்ந்துகொண்டது. அவள் கதவைத் திறந்தாள். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கால் மிதியில், மற்றதெல்லாம் வெளியே. சுற்றுகிற காரிலிருந்து வெளியே நின்று தலைத்துண்டை அவிழ்த்து ஊருக்கு வீசினாள். ஊர் எழுந்து நின்றது.

"எங்க போற? ஐயோ, எங்க போற! உள்ள வா! கர்த்தாவே, இவ வெளிய நிக்கிறாளே!" என்று ஸ்டோஃபெல் கதறினான். அப்போதும் கண்ணை விளக்கிலிருந்து எடுக்கவில்லை. "ரெண்டு! ரெண்டு!"

பின் டயர் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்த பிறகே நிறுத்தினாள். புகை விலகியது. எஞ்சின் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டோஃபெல் அதே விளக்கைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தான்.

"எரியல, டிரீகா. எரியவே இல்ல."

"புகையா கண்ணுல?" என்றாள்.

"ஆமா, புகை" என்றான்.

அவளுக்கு இரண்டாம் இடம். முதலிடம் அப்பிங்டன்காரன் ஒருத்தனுக்குப் போனது, அவன் டயர் கூடுதலாக அரை நிமிஷம் தாங்கியது. இரண்டாம் பரிசு இருபது லிட்டர் ஆயில் டின். மேலே 20W50 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைக் கையில் வாங்கிய டிரீகா தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். மைக்காரர் ஸ்டோஃபெலைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"என்ன ஸ்டோஃபெல், இந்த வருசம் விளக்கு வயர நல்லா முறுக்கிட்டியா?"

கூட்டம் சிரித்தது. டிரீகா அவனைப் பார்க்கவில்லை. பாவாடைப் பையில் கையை விட்டுப் பேரிங் துண்டைப் பிடித்துக்கொண்டாள். சொல்லு என்று அவள் இன்னொரு தரம் கேட்கப்போவதில்லை.

ஸ்டோஃபெல் மைக்கைப் பிடுங்கினான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"வயரு போன வருசமும் நல்லாத்தான் இருந்துச்சு. விளக்கு நெசமாத்தான் எரிஞ்சுச்சு. எம்பொண்டாட்டி பயப்படல. எஞ்சினக் காப்பாத்துனா. நான் கழட்டிப் பாத்தேன், தெரிஞ்சும் மறச்சேன். அது ஒண்ணு." மூச்சு வாங்கினான். கூரைத் தகரம் வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. "இன்னொண்ணு. எங்கொட்டகைச் செவுத்துல W-ன்னா வார்முன்னு பதினாறு வருசமா எழுதி வச்சிருக்கேன். தப்பு. W-ன்னா வின்டர்."

நாற்பத்தைந்து டிகிரி வெயிலில், சட்டை நனைந்து ஒட்ட, ஒரு மனிதன் மைக்கில் குளிர்காலம் என்கிறான். ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. டிராக்டர் ஓட்டுநர் ஒருவர் வேலியோரத்திலிருந்து கத்தினார்: "வெயில் தலைக்கு ஏறிருச்சு, அவன நெழலுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா!"

"வின்டர்! வின்டர்! மொத நம்பரு குளுருக்கு, ரெண்டாவதுதான் சூட்டுக்கு! கண்டுபிடிச்சது டிரீகா!" என்று ஸ்டோஃபெல் இன்னும் உரக்கக் கத்தினான். அவன் கத்தக் கத்தச் சிரிப்பு வேலியைச் சுற்றி ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓடியது. டிரீகாவும் சிரித்தாள், கண்ணீர் வர, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. போன வருஷம் ஊளையிட்ட அதே கூட்டம்தான். பரவாயில்லை, அவளுக்கு அதன்மேல் அன்புகூட வந்தது.

ஒலிஃபான்ட் டிரெய்லரில் சங்கிலியைத் திரும்பக் கட்டினார். ஸ்டோஃபெல் இருபது லிட்டர் டின்னை அவர் வண்டியில் தூக்கி வைத்தான்.

"எனக்கெதுக்குய்யா இது?"

"வெறுங்கையோட போக வேணாம்ண்ணே. டிராக்டருக்கு நல்ல ஆயிலு. கழுத மாதிரி நடக்கும்."

"அடுத்த வருசம் வருவேன், வாங்கறதுக்கில்ல. இஞ்சிச் சாறுக்கு" என்றார் யானை.

கொட்டகைச் சுவர் எழுத்தை ஸ்டோஃபெல் அழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்து, கீழே புதிதாக WINTER என்று எழுதினான். பெயின்ட் காய்வதற்குள் காய்கறிக்காரர், பண்ணை மேஸ்திரி, பாதிரியார் உட்பட ஊரே அவனை அந்தப் பெயரால் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. "வின்டர், ஐஸ் இருக்கா?" "வின்டர், கம்பளி காயப்போட்டாச்சா?" அவன் எல்லாருக்கும் கையை ஆட்டினான்.

திங்கட்கிழமை காலை களத்தில் டிரீகா செருப்பைக் கழற்றித் தரையில் கால் வைத்துப் பார்த்தாள். ஏழு எண்ணும் வரை தாங்கிற்று. மேற்பார்வைக்காரி வேலைப் பட்டியலைப் பிரித்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டாள்.

"டிரீகா கோர்டம்!"

பதில் இல்லை. ஒரு வருஷமாக லிக்கி என்றே கேட்டுப் பழகிய டிரீகா வாரியைக் கையில் வைத்துக்கொண்டு, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தானும் சுற்றிலும் பார்த்தாள். பன்னிரண்டு பெண்களில் எவரும் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டிரீகா! ஒன்னத்தான்!"

"இருக்கேன்" என்றாள் டிரீகா.